குறுக்கிடும் மின்சாரம்

மின்கலத்தில் இயங்கும் வானொலிப் பெட்டியில் நீங்கள் இசை கேட்டுக்கொண்டிருக்கையில், அருகே யாரேனும் மின்விசிறியை நிறுத்தினால், பெட்டியிலிருந்து 'பட்' என்றொரு சத்தம் எழுவதுண்டு. விசிறிக்கும் பெட்டிக்கும் இடையே கம்பித் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் ஒன்றன் செயல் மற்றொன்றைத் தாக்குகிறது. இதனையே மின்காந்தக் குறுக்கீடு என்கிறோம். வானொலியில் அது வெறும் சத்தத்தோடு போய்விடும். மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு கணிப்பொறிச் சில்லு பொருத்திய பலகையிலோ, நடக்கும் வேலையே நின்றுவிடக் கூடும்.

இதன் அடிப்படை பழையது. ஒரு சுருளில் ஓடும் மின்னோட்டம் மாறும்போது அடுத்த சுருளில் மின்சாரம் தூண்டப்படுவதை 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். ஓரிடத்தில் எழும் மின்பொறி, சற்றுத் தொலைவிலுள்ள கம்பி வளையத்திலும் பொறி எழுப்புவதை 1887-இல் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் காட்டினார். வானொலியைத் தந்த அதே இயற்கை விதிதான் இந்தத் தொல்லையையும் தருகிறது.

கல்லூரி மாணவர் சிலர், வயலில் ஈரம் குறைந்தால் நீர் இறைக்கும் மோட்டாரைத் தானே இயக்கும் பலகை ஒன்றை என்னிடம் கொண்டு வந்தனர். ரிலே மோட்டாரை நிறுத்தும்போதெல்லாம் சில்லு தன் வேலையை மறந்து, முதலிலிருந்து தொடங்கிற்று. சில்லுதான் பழுது என்று கருதி மூன்று சில்லுகளை மாற்றியிருந்தனர். இந்தப் பலகையை நம்பி ஒரு பயிரை விடுவது எப்படி?

குறுக்கீட்டை ஆராய்பவர் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். அது எழுமிடம் எது? வரும் வழி எது? தாக்கப்படுவது எது?

முதலில் மோட்டாரின் கம்பிகளை நீக்கிவிட்டு, ரிலேயை மட்டும் இயக்கினோம்; பழுது தோன்றவில்லை. ஆகவே, மோட்டாரின் மின்னோட்டம் அறுபடுகையில் ரிலேயின் தொடுமுனைகளில் எழும் பொறியே மூலம் என்பது புலனாயிற்று. பின்னர் மோட்டாரை மீண்டும் இணைத்து, பலகைக்கு மட்டும் மின்கலத்திலிருந்து மின்சாரம் கொடுத்தோம். பழுது நீங்கவில்லை, எனவே மின்வழங்கும் கம்பி வழியன்று. ஈரம் அறியும் கம்பியை மோட்டார்க் கம்பியிலிருந்து விலக்கிய பின்னரே சில்லு அமைதியாக இயங்கிற்று. வழி அதுவே.

வந்த மின்துடிப்பு சில்லை எவ்வாறு தாக்கியது? பலகையில் மின்னோட்டம் திரும்பிச் செல்லும் தரைத்தடம் மெல்லியதாகவும் 10 செ.மீ. நீளமாகவும் இருந்தது. அத்தகைய தடத்தின் மின்தூண்டல் எண் ஏறத்தாழ 100 நானோஹென்றி. அதில் 5 நானோ செகண்டுக்குள் 100 மில்லியாம்பியர் மாறினால், அதன் இரு முனைகளுக்கிடையே 2 வோல்ட் தோன்றும். 3.3 வோல்ட்டில் இயங்கும் சில்லுக்கு இது சிறிய அதிர்ச்சியா? மீள்தொடக்கத்துக்கான காரணத்தைப் பெரும்பாலான மைக்ரோகண்ட்ரோலர்கள் தமக்குள் குறித்து வைக்கும். அக்குறிப்பைப் படித்தபோது, மீள்தொடக்க முனையே தூண்டப்பட்டது தெரிந்தது.

இனிப் பரிகாரம் எளிது. 230 வோல்ட் மின்னோட்டத்தை முற்றிலும் துண்டித்த பிறகு, தொடுமுனைகளின் குறுக்கே ஒரு மின்தடையும், அவ்வழுத்தத்துக்கென்றே செய்த மின்தேக்கியும் தொடராக இணைத்தோம், பொறி தணிந்தது. ஈரக் கம்பிகள் இரண்டையும் முறுக்கித் தனிவழியே கொண்டு சென்றோம். புதிய பலகையில் தரைத்தடத்தை அகன்ற தாமிரப் பரப்பாக்கினோம். சில்லின் மின்வழங்கு முனைகளை ஒட்டி 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கிகளை வைத்தோம்.

மாணவ நண்பர்களே! ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விளைவை ஏட்டில் எழுதுங்கள். பிறகே அடுத்ததைத் தொடுங்கள். பலவற்றை ஒருங்கே மாற்றினால் பழுது ஒருவேளை நீங்கலாம். ஆனால் அது எதனால் நீங்கிற்று என்று அறியமாட்டீர்கள். காரணம் அறியாமல் நீங்கிய பழுது, வயலில் ஒருவர் அதனை நம்பியிருக்கும் நாளில் திரும்பி வரும்.