வேலைக்கு முன்பே வளரும் கடன்

இந்தியாவில் கல்விக் கடன் இன்றைய வடிவத்தைப் பெற்றது 2001-இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்தால்தான். 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்து ஈடு தேவையில்லை. படிப்புக் காலத்திலும், முடித்தபின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அடகு வைக்க நிலமோ நகையோ இல்லாத வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் பொறியியல், செவிலியர் கல்லூரிகளுக்குப் போக இது வழி திறந்தது. இக்கடனை மிகுதியாக வாங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

தவணை தொடங்காவிட்டாலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். பல குடும்பங்களுக்கு இது தாமதமாகவே உறைக்கிறது. நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு லட்சம் வீதம், 10 சதவீத வட்டியில் வாங்கியதாகக் கொள்வோம். தவணை கட்டத் தேவையில்லாத இந்தச் சலுகைக் காலம் முடியும்போது தனிவட்டியே 1.4 லட்சம் ஆகியிருக்கும். அதையும் அசலோடு சேர்த்து 5.4 லட்சத்துக்குப் பத்தாண்டுத் தவணை போட்டால் மாதம் சுமார் 7,100 ரூபாய். கட்டி முடிக்கும்போது வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் போயிருக்கும். மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் சென்னையில் அறை வாடகை கொடுத்துச் சாப்பிடும் இளைஞரால் இதைத் தாங்க முடியாது. அரியர் வைத்துப் பட்டம் தள்ளிப்போனவருக்கோ முதல் சம்பளத்துக்கு முன்பே தவணை வந்து நிற்கும்.

கடன் மாணவர் பெயரில் இருந்தாலும் பெற்றோரும் இணைக் கடன்தாரர்கள். தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் மகனுக்கு மட்டுமல்ல, தந்தைக்கும் சரிகிறது. பிறகு விவசாயக் கடனோ தொழில் கடனோ கேட்டு வங்கிக்குப் போனால் கதவு அடைபடுகிறது. அக்காவின் தவணைக்காகத் தம்பி, தங்கையின் மேல்படிப்பு சுருங்குகிறது. விரும்பிய ஆராய்ச்சிப் படிப்பை விட்டுவிட்டுக் கிடைத்த வேலையில் சேர்வோரும் உண்டு. இந்த இழப்பு எந்த வங்கிக் கணக்கிலும் பதிவாவதில்லை. சமூகம்தான் அதைச் சுமக்கிறது. வாராக்கடன் பெருகியதும் வங்கிகள் புகழ்பெற்ற கல்லூரிகளின் மாணவர்களையும் ஈடு கொடுக்க முடிந்தவர்களையும் நாடுகின்றன. கடன் மிகவும் தேவைப்படும் ஏழை மாணவர் முதலில் விலக்கப்படுகிறார்.

அரசின் உதவிகள் இல்லாமல் இல்லை. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்குச் சலுகைக் கால வட்டியை ஏற்கும் மத்திய அரசின் திட்டம் 2009-இல் வந்தது. கட்டிய வட்டிக்கு வருமான வரிச் சட்டம் தரும் கழிவோ வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவருக்கே பயன்படுகிறது. தவணைக்கே திண்டாடுபவருக்கு அதனால் ஒன்றுமில்லை. இவற்றைவிடக் கடன் வாங்கும் தேவையையே குறைக்கும் உதவி நல்லது. தமிழ்நாட்டின் முதல் தலைமுறைப் பட்டதாரி கட்டணச் சலுகையும், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்பதும் அத்தகையவை.

ஆஸ்திரேலியா 1989-இல் வேறொரு வழியைத் தேர்ந்தது. அங்கே பட்டதாரியின் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் திருப்பிச் செலுத்துதல் தொடங்கும். வரித் துறை வழியாகவே வசூலாகும். வேலை போனால் வசூலும் நின்றுவிடும். இந்தியத் தவணையோ நாட்காட்டியைப் பார்த்துத் தொடங்குகிறது, சம்பளத்தைப் பார்ப்பதில்லை. வேலை கிடைக்காமல் போகும் ஆபத்து முழுவதும் கடன் வாங்கிய குடும்பத்தின் தலையில் விழுவது இதனால்தான்.