பலகையில் பூக்கும் சித்திரம்: ஸ்க்ரோல் ரம்பமும் பொழுதுபோக்கு மரக்கலையும்

மரவேலை என்றவுடன் உளியும் இழைப்புளியும் ஏந்திய, தலைமுறை தலைமுறையாகத் தொழில் கற்ற தச்சரின் உருவமே பெரும்பாலோர் மனத்தில் எழும். ஆனால் தச்சுத் தொழிலோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற அலுவலர்களும் இல்லத்தரசிகளும் மாணவர்களும், உலகின் பல நாடுகளில் தம் வீட்டின் ஒரு மூலையில் சிறிய இயந்திரம் ஒன்றை நிறுத்தி, மெல்லிய பலகையில் கொடிகளையும் பறவைகளையும் மனித முகங்களையும் வெட்டியெடுத்து வருகின்றனர். ஸ்க்ரோல் ரம்பம் என்று அழைக்கப்படும் அந்த இயந்திரம், ஒரு காலத்தில் அரசர்களின் அறைகலன்களுக்காக மட்டுமே நடந்த நுண்வெட்டு வேலையைச் சாதாரண மனிதர்களின் கைக்கு எட்டச் செய்தது என்பதால், அதன் அமைப்பும் வரலாறும் பயன்பாடும் பொது வாசகர் அறியத்தக்கவையாகின்றன.

கருவியின் அமைப்பு

ஸ்க்ரோல் ரம்பத்தில், சமதளமான சிறு மேசை ஒன்றின் நடுவிலுள்ள துளை வழியே, ஏறத்தாழ 5 அங்குல நீளமுள்ள மெல்லிய பிளேடு ஒன்று செங்குத்தாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. மின்மோட்டார் இயங்கும்போது அது நிமிடத்துக்குச் சுமார் 400 முதல் 1,800 முறை வரை மேலும் கீழுமாக அசைந்து மரத்தை அறுக்கிறது. சாதாரண கைரம்பத்தில் மரம் அசையாமல் இருக்க, ரம்பமே அதன்மீது நகர்கிறது. இங்கோ ரம்பம் ஓரிடத்தில் நின்று இயங்க, வேலை செய்பவர் தையல் இயந்திரத்தின் ஊசிக்கு அடியில் துணியைத் திருப்புவதைப்போலப் பலகையை இரு கைகளாலும் திருப்பித் திருப்பி, அதன்மேல் வரையப்பட்ட கோட்டைப் பிளேடின் பற்களுக்கு நேரே கொண்டுசெல்கிறார்.

இக்கருவியின் ஆற்றல் முழுவதும் அந்தப் பிளேடின் மென்மையில்தான் அடங்கியிருக்கிறது. எண்களால் வகைப்படுத்தப்படும் பிளேடுகளில் நடுத்தரமான 5ஆம் எண் பிளேடு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அகலமும் 0.4 மில்லிமீட்டர் தடிமனும் மட்டுமே உடையது. அகலம் குறைவாக இருப்பதால் அது நின்ற இடத்திலேயே மரத்தைத் திருப்ப இடம் கொடுக்கிறது, தடிமன் குறைவாக இருப்பதால் வெட்டுத் தடமும் மயிரிழைபோல் மெலிதாக அமைகிறது. பற்களின் அமைப்பிலும் பல வகைகள் உண்டு. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பற்கள் அமைந்த பிளேடு மரத்தூளை எளிதாக வெளியேற்றி வெப்பத்தைக் குறைக்கிறது; கீழ்ப்பகுதியில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி அமைந்த பிளேடு, பலகையின் அடிப்பக்கத்தில் சிம்பு கிளம்பாமல் தடுக்கிறது; முறுக்கிய கம்பிபோல் எல்லாப் பக்கமும் பற்களைக் கொண்ட சுருள் பிளேடு, பலகையைத் திருப்பாமலேயே எத்திசையிலும் அறுக்க உதவுகிறது.

அரசவையிலிருந்து வீட்டுக்கு

மெல்லிய ரம்பத்தால் சித்திரம் வெட்டும் கலைக்கு ஐரோப்பாவில் நீண்ட மரபு உண்டு. பிரான்சில் 14ஆம் லூயி மன்னருக்காகப் பணியாற்றி, 1672இல் லூவ்ர் அரண்மனையிலேயே இருப்பிடமும் பட்டறையும் பெற்ற ஆந்த்ரே சார்ல் பூல் என்ற அறைகலன் கலைஞர் (1642–1732), பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டுத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே நேரத்தில் அறுக்கும் முறையால் பெரும்புகழ் பெற்றார். ஒரே வெட்டில் இரண்டு தகடுகளும் ஒரே வடிவத்தில் பிரிவதால், பித்தளைப் பூக்களை ஆமையோட்டுப் பின்னணியிலும், ஆமையோட்டுப் பூக்களைப் பித்தளைப் பின்னணியிலும் துளியும் பிசகாமல் பொருத்த முடிந்தது. பல பலகைகளை அடுக்கி ஒருசேர அறுக்கும் இந்த முறையே இன்று பொழுதுபோக்குக் கலைஞர்களால், ஒரே வடிவில் பல அலங்காரப் பொருள்களைச் செய்வதற்குக் கையாளப்படுகிறது.

இதே வகை ரம்பம் 1760களில் லண்டனில் வேறொரு பயனைக் கண்டது. ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்கர், நாடுகளின் வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி எல்லைக்கோடுகள் வழியே அறுத்து, குழந்தைகளுக்குப் புவியியல் கற்பிக்கும் கருவியாக விற்றார். இன்று உலகெங்கும் விளையாடப்படும் ஜிக்சா புதிரின் தொடக்கம் அதுவே.

இருப்பினும் இக்கலை பொதுமக்களிடம் பரவியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். காலால் மிதித்து இயக்கும் ரம்ப இயந்திரங்களை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டு நகரிலிருந்த பார்ன்ஸ் நிறுவனம் உள்ளிட்ட பலர் 1870களில் விற்கத் தொடங்கியதும், சுவர் அலமாரிகளும் கடிகாரக் கூடுகளும் வீடுகளிலேயே உருவாயின. இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்து டெரம் நகரோடு நெருங்கிய தொடர்புடைய ஹாபீஸ் என்ற வார இதழ் 1895இல் தொடங்கி, வெட்டு வடிவப் படங்களை வாசகர்களுக்கு வழங்கியது. ஓவியம் வரையத் தெரியாதவரும், அச்சிட்ட கோட்டைப் பொறுமையாகப் பின்பற்றினால் அழகிய பொருளைச் செய்துவிடலாம் என்ற நம்பிக்கையை இத்தகைய படங்களே விதைத்தன. 1930களின் பெருமந்தக் காலத்தில் வேலையிழந்த அமெரிக்கத் தச்சர்கள் சிலர், மரப் புதிர்களை வீட்டிலேயே அறுத்து விற்றும் வாடகைக்கு விட்டும் குடும்பத்தைக் காப்பாற்றினர் என்பதும் இந்த ரம்பத்தின் வரலாற்றில் மறக்க முடியாத பகுதியாகும்.

பழைய இயந்திரங்களில் பிளேடைக் கீழிருந்து மோட்டார் இழுக்க, மேலே ஒரு சுருள்வில் அதைத் திரும்ப இழுக்கும்படி அமைந்திருந்ததால், இழுவிசை சீராக நிற்காமல் பிளேடு அடிக்கடி வளைந்து முறிந்தது. பிளேடின் இரு முனைகளையும் பிடித்திருக்கும் மேல்கையும் கீழ்க்கையும் எப்போதும் இணைகோடுகளாகவே சேர்ந்து அசையும் அமைப்பை, 1970களில் ஜெர்மனியின் ஹெக்னர் இயந்திரங்கள் பரப்பிய பின்னர் இக்குறை பெருமளவு நீங்கி, மிக மெல்லிய பிளேடுகளையும் நம்பிப் பயன்படுத்தும் நிலை உருவாயிற்று.

செய்யப்படும் பொருள்கள்

ஸ்க்ரோல் ரம்பத்தின் அடிப்படை வேலை ஃபிரெட் வேலை எனப்படும் துளைச் சித்திரமாகும். பலகையின் உட்பகுதிகளை வெட்டி நீக்கி, எஞ்சும் மரத்தையே சித்திரமாக நிற்கவைப்பது இதன் முறை. இதில் மீறமுடியாத விதி ஒன்று உண்டு: எஞ்சும் பகுதிகள் எல்லாம் எங்காவது ஓரிடத்தில் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், இல்லையேல் அவை தனித்து உதிர்ந்துவிடும். ஒரு முகத்தை வடிவமைக்கும்போது கண்ணின் கருவிழியை இமையோடோ புருவத்தோடோ மெல்லிய பாலம் ஒன்றால் இணைத்தாக வேண்டியிருப்பதால், நிழலையும் வெளிச்சத்தையும் எங்கே சேர்ப்பது, எங்கே பிரிப்பது என்று தீர்மானிப்பதே வடிவமைப்பாளரின் முதன்மைத் திறனாகிறது. வெட்டி முடித்த பலகைக்குப் பின்னால் கறுப்புத் துணியையோ வண்ணம் பூசிய பலகையையோ ஒட்டும்போது, துளைகள் நிழலாகவும் மரம் ஒளியாகவும் மாறி முகம் தெளிவாகத் துலங்குகிறது.

இரண்டாவது வகை, இருமுக வெட்டு. சதுரமான சிறு மரக்கட்டை ஒன்றின் அடுத்தடுத்த இரு பக்கங்களில், ஒன்றில் விலங்கின் பக்கத் தோற்றத்தையும் மற்றொன்றில் முன்தோற்றத்தையும் ஒட்டி, முதல் பக்கத்தை அறுத்தபின் கழிவுத் துண்டுகளை நீக்காமல் ஒட்டுநாடாவால் சுற்றிக் கட்டி, கட்டையைத் திருப்பி இரண்டாம் பக்கத்தையும் அறுக்கின்றனர். நாடாவைப் பிரித்துக் கழிவுகளை விலக்கியதும், நான்கு கால்களும் கொம்புகளும் கொண்ட கலைமான் ஒன்று எல்லாப் பக்கமும் முழுமையான உருவமாக உள்ளிருந்து வெளிப்படுகிறது. சதுரங்கக் காய்களையும் இம்முறையில் அறுக்கின்றனர்.

மூன்றாவது வகையான இன்டார்சியா, வெவ்வேறு இயற்கை நிறமுடைய மரங்களிலிருந்து துண்டுகளை வெட்டிச் சேர்த்து ஓவியம் அமைக்கும் கலையாகும். இத்தாலியில் 15ஆம் நூற்றாண்டில் இது உச்சம் தொட்டது; குப்பியோ நகர அரண்மனைக்காக 1480ஐ ஒட்டி இம்முறையில் அமைக்கப்பட்ட படிப்பறைச் சுவர்கள் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளன. தென்னிந்திய வாசகர் நன்கறிந்த மைசூருவின் ஈட்டி மரப் பதிப்பு வேலையும், பல நிற மரத்துண்டுகளால் சித்திரம் அமைப்பதில் இக்கலைக்கு உறவுடையதே. இன்றைய பொழுதுபோக்குக் கலைஞர்கள் ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் உருட்டி, உயரத்தையும் மாற்றி அமைப்பதால், பறவையின் சிறகு பின்னணியிலிருந்து எழும்பி நிற்கும் புடைப்புச் சித்திரமாகிறது. சாயம் ஏற்றாமல், மரத்தின் சொந்த நிறத்தையும் அதன் ரேகை ஓடும் திசையையும் கொண்டே நிறமும் நிழலும் காட்டுவதைத் தேர்ந்த கலைஞர்கள் கௌரவமாகக் கருதுகின்றனர்.

மேசையைச் சாய்த்து அறுக்கும் வசதியும் வியத்தகு பயன்களைத் தருகிறது. 19 மில்லிமீட்டர் தடிமனுள்ள தட்டையான பலகை ஒன்றில், 10 மில்லிமீட்டர் அகலமுள்ள வளையங்களை ஒன்றனுள் ஒன்றாகக் குறித்து, மேசையைச் சுமார் 28 பாகை சாய்த்து அறுத்தால், ஒவ்வொரு வளையத்தின் விளிம்பும் சரிவாக அமைகிறது. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டும்போது, கடைசல் இயந்திரமே இல்லாமல் ஒரே பலகையிலிருந்து ஆழமான கிண்ணம் ஒன்று உருவாகிறது. பலகையின் தடிமனும் வளையத்தின் அகலமும் தெரிந்தால் சாய்வுக் கோணத்தைப் பள்ளிக் கணிதத்தின் டேன்ஜென்ட் விகிதத்தால் கண்டுவிடலாம் என்பதால், இது மாணவர்களுக்கு வடிவியலைக் கையால் உணர்த்தும் நல்ல பாடமுமாகும்.

வெட்டும் முறை

முதலில் பலகையை உப்புத்தாளால் வழவழப்பாக்கி, அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அந்த நாடாவின்மீது வடிவப் படத்தை ஒட்டுவதே வழக்கம். வேலை முடிந்ததும் நாடாவோடு படமும் சேர்ந்து எளிதாக உரிந்துவிடும். அடுத்து, நீக்கவேண்டிய ஒவ்வோர் உட்பகுதியிலும் சிறு துளை ஒன்று இடப்படுகிறது. பிளேடின் மேல்முனையைப் பிடிப்பிலிருந்து விடுவித்து, துளை வழியே நுழைத்து, மீண்டும் பூட்டி இறுக்கி, அந்தப் பகுதியை மட்டும் அறுத்து, மறுபடியும் கழற்றி அடுத்த துளைக்குச் செல்ல வேண்டும். நூறு துளைகள் கொண்ட சித்திரத்துக்கு இது நூறு முறை தொடரும் என்பதே இக்கலை கேட்கும் பொறுமையின் அளவைப் புலப்படுத்தும். குறுக்கே ஊசி பொருத்திய பிளேடுகளுக்குப் பெரிய துளை தேவைப்படுவதால், நுண்ணிய வேலைக்கு ஊசியற்ற தட்டைமுனைப் பிளேடுகளை ஏற்கும் இயந்திரமே உகந்தது. உட்பகுதிகளை எல்லாம் முடித்த பின்னரே வெளிவிளிம்பை அறுக்க வேண்டும். அதுவரை சுற்றியுள்ள மரமே நுட்பமான கொடிகளைத் தாங்கி நிற்கிறது.

தொடக்கநிலையினர் பலரையும் குழப்பும் செய்தி ஒன்று உண்டு. மரத்தை நேராகத் தள்ளினாலும் வெட்டு ஒரு பக்கமாகவே விலகிச் செல்வதைக் கண்டு அவர்கள் தம் கையையே குறை சொல்வர்; உண்மையில், பிளேடின் பற்களை ஆலையில் வெட்டும்போது ஒரு விளிம்பில் நுண்ணிய பிசிறு தங்கிவிடுவதால், அந்தப் பக்கம் சற்றுக் கூர்மையாக இருந்து வெட்டைத் தன்பக்கம் இழுக்கிறது. பலகையைச் சில பாகை கோணலாகப் பிடித்துத் தள்ளினால் வெட்டு கோட்டின் வழியே செல்லும். சில நாள் பழகியபின் கை இதைத் தானாகவே செய்துவிடும். கூர்மூலைகளில் அவசரம் கூடாது: மூலையை அடைந்ததும் முன்னோக்கித் தள்ளுவதை நிறுத்தி, பற்களற்ற பின்முதுகு மரத்தில் படும்படி பலகையை மெல்லப் பின்னிழுத்து, நின்ற இடத்திலேயே திருப்பினால் மூலை கத்தியால் வெட்டியதுபோல் அமையும்.

கவனமும் காலமும்

வட்ட ரம்பத்தைப்போல மரத்தைத் தூக்கி எறியும் அபாயம் இதில் இல்லாததால், வீட்டுப் பயன்பாட்டுக்கு ஓரளவு பாதுகாப்பான இயந்திரமாக இது கருதப்படுகிறது. எனினும் விரல்களைப் பிளேடுக்கு நேரே வைக்கலாகாது, கண்ணாடி அணியாமல் அமரலாகாது. இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாத தூளில் இருக்கிறது. உலகச் சுகாதார அமைப்பைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்திருப்பதால், மூடிய அறையில் வேலை செய்வோர் நல்ல முகக்கவசமும் தூள் உறிஞ்சும் கருவியும் இன்றி இதில் இறங்குவது அறிவுடைமையாகாது.

கணினியால் இயங்கும் லேசர் வெட்டு இயந்திரங்கள், பல மணி நேர வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும் இக்காலத்தில் இந்த ரம்பம் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. வழக்கமான லேசர் இயந்திரம் தட்டையான பலகையைச் செங்குத்தாக மட்டுமே வெட்டி, விளிம்பையும் கருக்கிவிடுகிறது. கட்டையைத் திருப்பி உருவம் எடுப்பதும், சாய்வாக அறுத்துக் கிண்ணம் ஆக்குவதும் ஸ்க்ரோல் ரம்பத்துக்கே எளிதாகக் கைவரும். அதைவிட முக்கியமாக, ரேகையின் போக்கை உணர்ந்து வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் மரத்தோடு ஒத்துழைக்கக் கற்றுக்கொள்ளும் கைக்கும் கண்ணுக்கும், இயந்திரம் தரும் விரைவு எவ்வகையிலும் ஈடாகாது.

இக்கலையைத் தொடங்க விலையுயர்ந்த இயந்திரம் கட்டாயமில்லை. வளைந்த சட்டத்தில் பூட்டிக் கையால் அறுக்கும் ஃபிரெட் ரம்பமும் அதே 5 அங்குலப் பிளேடையே ஏற்பதால், அத்தகைய ரம்பம் ஒன்று, சில பிளேடுகள், 3 அல்லது 4 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு, ஓர் எளிய இலை வடிவம் ஆகியவையே முதல் முயற்சிக்குப் போதும். கைபேசித் திரையில் கழியும் மாலைப்பொழுதின் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குமாறு பெற்றோர் தம் பிள்ளைகளை ஊக்குவிப்பதும், கைத்தொழில் வகுப்புகளில் பள்ளிகள் இதற்கு இடமளிப்பதும், கவனத்தையும் பொறுமையையும் கைத்திறனையும் ஒருசேர வளர்க்கும் நற்செயல்களாக அமையும்.