வெந்நீர்க் கூடம் கற்றுத்தந்த குவிமாடம்

ஷா ஆலம் பக்கம் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது நீல மசூதியின் குவிமாடம்தான். சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜீஸ் ஷா பள்ளிவாசல் என்பது முழுப்பெயர். 1988இல் கட்டி முடிக்கப்பட்டது. குவிமாடத்தின் விட்டம் 51.2 மீட்டர். ரோம் நகரின் பாந்தியன் கோயிலில் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிற்கும் குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர். வித்தியாசம் எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு! இரும்புக் கம்பி போடாத கான்கிரீட்டில் அவ்வளவு அகலத்தை ரோமானியர் எப்படி மூடினார்கள்? அந்த வித்தையை அவர்கள் பழகிய இடங்களில் முக்கியமானவை பொதுக் குளியல் கூடங்கள்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் அருகே பாயே என்ற கடலோர ஊர் இருக்கிறது. எரிமலை மண், எங்கும் வெந்நீர் ஊற்று. அங்கே சுமார் 21.5 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம் ஒன்று 2,000 ஆண்டுகளாக நிற்கிறது. ‘மெர்குரி கோயில்’ என்று பிற்காலத்தவர் அழைத்தாலும், அது குளியல் கூடம்தான். பாந்தியனுக்கு நூறாண்டுக்கு மேல் மூத்தது.

ரோமானியக் குளியல் கூடத்தின் வெந்நீர் அறையில் தரை நேரடியாக மண்மேல் இராது. இரண்டு அடி உயரச் செங்கல் தூண்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் தளம் போடுவார்கள். பக்கத்து உலையில் விறகு எரியும். அதன் சூடான காற்று தளத்துக்கு அடியில் பரவி, சுவருக்குள் பதித்த களிமண் குழாய்கள் வழியாக மேலேறும். தரையும் சுவரும் சுட, அறை முழுக்க நீராவி நிறையும். அந்த ஈரத்தில் மரக்கூரை உளுத்துப்போகும், உலைநெருப்பு பட்டால் எரிந்தும்போகும். கான்கிரீட் கூரைக்கு இரண்டு பயமும் இல்லை.

அதற்கான சரக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பாயேவுக்கு அடுத்த ஊரான பொத்ஸுவோலியின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்கு அடியிலும் இறுகும். இந்தக் கலவையில் தெரியும் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகளைச் சரியாகக் கலக்காததன் அடையாளம் என்றே பலர் நினைத்தார்கள். 2023இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் வேறு விளக்கம் தந்தார்கள். விரிசல் விழுந்து நீர் புகுந்தால் அந்தக் கட்டிகள் கரைந்து, மீண்டும் படிந்து, விரிசலை அடைக்கின்றன. ரோமானியர் முறையில் வார்த்த கான்கிரீட்டை உடைத்து நீர் பாய்ச்சியபோது, இரண்டு வாரத்தில் விரிசல் மூடிக்கொண்டது.

சரக்கு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, வடிவமும் பொருந்த வேண்டும். கல்லும் கான்கிரீட்டும் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்கா. 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில், கல்லின்மேல் கல்லைச் சற்றே உள்தள்ளி அடுக்கினார்கள். எடை நேராகக் கீழே இறங்கும். இம்முறையில் உயரம் போகலாம், பெரும் அகலத்தை மூடுவது கடினம். குவிமாடம் அகலத்தை மூடும். ஆனால் அதன் அடிப்பகுதி வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். பாந்தியனில் அதை அடக்க ஆறு மீட்டர் கனச் சுவர் எழுப்பினார்கள். கலவையில் கீழே கனமான கல், உச்சியில் எடை குறைந்த நுரைக்கல் சேர்த்தார்கள். உச்சியின் நடுவே எட்டு மீட்டருக்கு மேல் அகலமான திறப்பு விட்டு, எடையை இன்னும் குறைத்தார்கள்.

இன்று இழுவையைத் தாங்க உலோகம் இருக்கிறது. நீல மசூதி அவ்வளவு அகலமாக எழுந்ததும் அதனால்தான். ஆனால் உலோகத்துக்கு ஒரு பலவீனமும் உண்டு. கான்கிரீட்டுக்குள் நீரும் காற்றும் புகுந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். ஆண்டு முழுக்க மழை பெய்யும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இது பெரிய ஆபத்து.

இங்குள்ள நம் கோயில்களில் பெரும்பாலானவை கம்பியும் சிமெண்டும் கொண்டு எழுந்தவை. அடுத்த கும்பாபிஷேகத்துக்குத் திருப்பணி தொடங்கும் நிர்வாகங்கள், வண்ணத்தையும் சுதையையும் பேசும் முன் பொறியாளரிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: கலவையின் தரம் என்ன, கம்பியை மூடும் கான்கிரீட் போதிய கனம்தானா, கோபுரத்தில் விழும் மழைநீர் எந்த வழியாக வடியும்? இவற்றுக்குத் தெளிவான பதில் வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.