இடம் காலியானால் யார் பாடுவது?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஒரு பாடகர் குழுவின் சம்பள விவரம் இருக்கிறது. திருப்பதியம் எனப்பட்ட தேவாரப் பதிகங்களைப் பாட முதலாம் இராசராசன் அமர்த்திய பிடாரர்கள் என்ற பாடகர்கள் 48 பேர். உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர். ஆக 50 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். அதைவிட என்னைக் கவர்ந்தது அடுத்த ஏற்பாடு. ஒருவர் இறந்துவிட்டால், அல்லது ஊரைவிட்டுப் போய்விட்டால், நெருங்கிய உறவினர் வந்து பாட வேண்டும். அவருக்குப் பாட வராதென்றால் பாடத் தெரிந்த ஒருவரை அமர்த்த வேண்டும். உறவே இல்லையா? மற்றப் பாடகர்கள் கூடித் தகுந்தவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஏற்பாடு இது!

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் பாடகரை அமர்த்தும் அரசனும் இல்லை, அளந்து கொடுக்கும் நெல்லும் இல்லை. பாட்டு மட்டும் வந்து சேர்ந்தது. பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் ரோடு கந்தசாமி கோயில், ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை பார்த்த யாழ்ப்பாணத் தமிழர்கள் எழுப்பியது. பூசை முடியும் நேரத்தில் பஞ்சபுராணம் பாடுவது அவர்கள் ஊர் வழக்கம்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு.

செமினி பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் திருமுறை வேறு வழியாக வந்தது. 1965-இல் தொடங்கிய மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழா வட்டாரம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாக ஏறும். குழுவாகப் பாடும் பயிற்சியைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். சுருதிப்பெட்டி ஒலிக்கும், ‘திருச்சிற்றம்பலம்’ என்று எல்லோரும் சொல்வார்கள், பிறகு கைத்தாளம் தட்டப் பதிகம் எழும். பழம்பஞ்சுரம் என்றால் சங்கராபரணத்தின் சாயல், மேகராகக் குறிஞ்சி என்றால் நீலாம்பரி. பண் பிசகக் கூடாது, தாளம் ஓடக் கூடாது. நல்ல குரலுள்ள பிள்ளைக்குத்தான் இது கடினம். தனியாகப் பாடினால் பரிசு வாங்கும் குரலைப் பக்கத்துப் பிள்ளையின் குரலுக்குள் அடக்கி வைக்க வேண்டும். அடியின் கடைசி எழுத்தை நீட்டும்போது ஒருத்தி மூச்சு வாங்குவாள், அடுத்தவள் இழுத்துப் பிடிப்பாள். கேட்பவருக்கு இடைவெளியே தெரியாது. குழுப்பாட்டின் அழகு முழுவதும் அந்த விட்டுக்கொடுத்தலில்தான் இருக்கிறது என்பேன்.

போட்டி முடிந்ததும் குழு கலைந்து போவதுதான் என் மனத்தாங்கல். ஐந்தாம் படிவம் முடித்தவர்கள் கல்லூரிக்கும் வேலைக்கும் போய்விடுகிறார்கள். அந்த இடத்துக்கு யாரும் வருவதில்லை. அடுத்த ஆண்டு மறுபடி முதல் பதிகத்திலிருந்து தொடக்கம். திருவிழாவில் மேளத்துக்கும் பந்தலுக்கும் பணம் ஒதுக்கும் கோயில் நிர்வாகங்கள், திருமுறை ஆசிரியருக்கு மாதச் சம்பளம் கொடுக்க முன்வர வேண்டும். ஆண்டு முழுவதும் வெள்ளிக்கிழமை பூசையில் பாட ஒரு நிலையான குழு வேண்டும். மூத்த பிள்ளை போகுமுன் இளைய பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கிவிட வேண்டும்.

வர மறுக்கும் பிள்ளைகள் இல்லை என்றுதான் நினைக்கிறேன். தேசியப் பள்ளியில் படிப்பதால் தமிழ் எழுத்துத் தெரியாதவர்கள்கூட, சம்பந்தர் பதிகத்தை மலாய் எழுத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு கடைசிப் பாட்டான திருக்கடைக்காப்பு வரை பாடுகிறார்கள். அவர்களுக்கு ழகரம் சொல்லிக்கொடுக்க வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கும் ஆசிரியர்தான் இப்போது தேவை.