நட்சத்திரம் வரவில்லை என்றால்? கணக்கியல், நிதியியல் முதுகலை மாணவர்களுக்குத் தரவுவழி ஆய்வு பற்றிய விளக்கம்



கடந்த பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவி ஒருவர் கம்போங் ராஜாவுக்கு வந்திருந்தார். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர். எஸ்.பி.எம். தேர்வில் கணக்கியல் பாடத்தில் நல்ல தேர்ச்சி பெற்றவர். இப்போது கோலாலம்பூரில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக முதுகலை படிக்கிறார். நிர்வாகக் குழுவில் சுயேச்சை இயக்குநர்கள் அதிகமாக இருந்தால் நிறுவனத்தின் இலாபம் கூடுமா என்பதுதான் அவருடைய ஆய்வு.

மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டு, "டீச்சர், ஆண்டறிக்கையை ஒவ்வொண்ணா பார்த்து எண்களை எடுத்தேன். ரிக்ரெஷன் போட்டா நட்சத்திரமே வரல. மூணு கம்பெனியைத் தூக்கிட்டா வருது. தூக்கிடவா?" என்று கேட்டார்.

நான் தமிழாசிரியர்தான். ஆனால் பட்டயப் படிப்பில் ஆய்வுமுறையும் ஒரு பாடமாக இருந்தது. அவருக்குச் சொன்ன பதிலை இங்கே விரிவாகத் தருகிறேன். ஆய்வு செய்யும் மற்ற மாணவர்களுக்கும் இது உதவும்.

பள்ளிக் கணக்கும் ஆய்வும்

பள்ளியில் பற்றும் வரவும் சமனாக வேண்டும். பத்து சென் இடித்தாலும் எங்கோ பிழை என்று தேடுவோம். அந்தப் பழக்கத்தோடு ஆய்வுக்கு வரும் மாணவர் தடுமாறுகிறார். ஆய்வில் விடைத்தாள் கிடையாது. ரிக்ரெஷன் என்பது ஒரு மாறி கூடும்போது இன்னொரு மாறி சராசரியாக எவ்வளவு மாறுகிறது என்று மதிப்பிடும் முறை. அதில் எப்போதும் கொஞ்சம் எச்சம் இருக்கும். அந்த எச்சம் நம் கூட்டல் பிழை இல்லை. நாம் கணக்கில் சேர்க்காத காரணங்கள் எல்லாம் அதற்குள் கிடக்கின்றன.

தக்காளி விலையை ஏற்றியது எது?

நம் ஊர் உதாரணம் ஒன்று. தீபாவளி நெருங்கும்போது தக்காளி விலை ஏறினால், "தீபாவளின்னாலே இப்படித்தான்" என்கிறோம். ஆனால் அக்டோபர், நவம்பர் மாதங்கள் இங்கே மழைக்காலம். விளைச்சல் குறைந்ததால் விலை ஏறியிருந்தால்? தீபாவளியே இல்லாவிட்டாலும் விலை ஏறியிருக்குமா?

தரவுவழி ஆய்வின் உயிர் இந்தக் கேள்விதான்: "அது நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" நடக்காத ஒன்றை நேரில் பார்க்க முடியாது. அதனால் ஒப்பிட ஏற்ற இன்னொன்றைத் தேடுகிறோம். மழை, விளைச்சல் போன்றவற்றைக் கட்டுப்பாட்டு மாறிகளாகச் சேர்க்கிறோம்.

மலேசியாவைப் பற்றிய ஓர் ஆய்வு

2024-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் சைமன் ஜான்சன். அவரும் டாட் மிட்டனும் 2003-இல் மலேசிய நிறுவனங்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆசிய நிதி நெருக்கடியில் அரசியல் தொடர்புள்ள நிறுவனங்களின் பங்கு மதிப்பு என்ன ஆனது என்பது அவர்கள் கேள்வி.

எந்த நிறுவனத்துக்குத் தொடர்பு உண்டு என்பதை அவர்கள் விலையைப் பார்த்து முடிவு செய்யவில்லை. எட்மண்ட் டெரன்ஸ் கோமஸ், ஜோமோ ஆகிய இருவரும் எழுதி 1997-இல் வெளிவந்த நூலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். நிறுவனத்தின் அளவு, இலாபம், கடன், துறை போன்றவற்றையும் கணக்கில் சேர்த்தார்கள்.

1997 ஜூலை முதல் 1998 ஆகஸ்டு வரை தொடர்புள்ள நிறுவனங்கள் இழந்த சந்தை மதிப்பு ஏறக்குறைய 60 பில்லியன் டாலர். அதில் சுமார் 9 விழுக்காடுதான் தொடர்பின் மதிப்பு குறைந்ததால் வந்த இழப்பு என்று மதிப்பிட்டார்கள். 1998 செப்டம்பரில், அவற்றுள் பிரதமர் மகாதீருடன் நெருங்கிய தொடர்புள்ள நிறுவனங்கள் சுமார் 5 பில்லியன் டாலர் மீட்டன. அதில் ஏறக்குறைய 32 விழுக்காடு தொடர்பால் வந்தது. ஒப்பீடு இல்லாமல் பார்த்திருந்தால் 5 பில்லியனும் தொடர்பால் வந்தது என்று எழுதியிருப்போம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1998 செப்டம்பர் 1-இல் மூலதனக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது. மறுநாள் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்ற நிலையான மாற்று விகிதம் நடப்புக்கு வந்தது. அதே நாளில் துணைப் பிரதமரும் பதவி நீக்கப்பட்டார். எல்லாம் ஒரே நேரத்தில் நடந்ததால், எதன் விளைவு எவ்வளவு என்று மாதக் கணக்கை வைத்துப் பிரிப்பது கடினம். ஆய்வாளர்களும் பதவி நீக்கத்தையும் கட்டுப்பாட்டையும் சேர்த்தே பேசுகிறார்கள். எழுத்தில் அந்த நிதானம் முக்கியம்.

நட்சத்திரத்தின் பொருள்

அட்டவணையில் எண்ணுக்குப் பக்கத்தில் வரும் நட்சத்திரம், இவ்வளவு பெரிய தொடர்பு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு குறைவு என்று காட்டுகிறது. நல்ல ஆய்வு என்பதற்கான சான்றிதழ் அது இல்லை. 5 விழுக்காட்டு அளவுகோலை வைத்தால், உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாதபோதும் 100 சோதனையில் சராசரியாக 5 தடவை நட்சத்திரம் விழும். ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால், ஒன்றிலாவது நட்சத்திரம் விழும் வாய்ப்பு சுமார் 64 விழுக்காடு. நட்சத்திரம் வரும்வரை நிறுவனங்களை மாற்றி மாற்றித் தூக்குவதும் இதே கதைதான்.

தொடங்குபவர்கள் கவனிக்க

1. மென்பொருளைத் திறக்கும் முன் கருதுகோளை ஒரே வாக்கியத்தில் தமிழில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் கேள்வி இன்னும் தெளியவில்லை.
2. எந்த நிறுவனத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற விதியை முடிவு பார்ப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள்.
3. காரணம் எதிர்த்திசையில் ஓடுமா என்று கேளுங்கள். சுயேச்சை இயக்குநர்களால் இலாபம் கூடுகிறதா, இல்லை இலாபமுள்ள நிறுவனங்கள்தான் அவர்களை அதிகம் சேர்க்கின்றனவா?
4. விலகி நிற்கும் எண்ணை நீக்கும் முன் மூல ஆவணத்தைப் பாருங்கள். தட்டச்சுப் பிழை என்றால் திருத்துங்கள். உண்மை எண் என்றால், அதைச் சேர்த்தும் நீக்கியும் வந்த இரண்டு முடிவுகளையும் காட்டுங்கள்.

அன்று நாங்கள் அந்த மூன்று நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளையும் மறுபடி திறந்தோம். ஒன்றில் பிழை இருந்தது. அட்டவணையின் தலைப்பில் "ஆயிரம் ரிங்கிட்டில்" என்று இருந்ததைக் கவனிக்காமல் மொத்தச் சொத்தைப் பதிந்திருந்தார். அதைத் திருத்தினோம். மற்ற இரண்டும் சரியான எண்கள்தான். மறுபடி ஓட்டினோம். நட்சத்திரம் வரவில்லை.

"அப்படியே எழுதிடறேன் டீச்சர். ஆனா மேற்பார்வையாளர் என்ன சொல்வாரோ, பயமா இருக்கு" என்றார்.

"கேட்டா, என்னென்ன சரிபார்த்தேன்னு சொல்லும்மா. அதைச் சொல்லத் தெரிஞ்சா போதும்" என்றேன். அடுத்த மாதம் அவருக்குச் சந்திப்பு இருக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். படிவம் 4, 5 மாணவர்களிடம் தக்காளி விலைக் கேள்வியைக் கொடுத்து, என்னென்ன விவரம் திரட்டினால் மழையையும் தீபாவளியையும் பிரிக்கலாம் என்று பட்டியலிடச் சொல்லுங்கள். விடை வேண்டாம், பட்டியல் போதும்.