உடன்பிறந்தார் இசையும் காலத்தின் சோதனையும்

தம்பியுள்ளான் படைக்கு அஞ்சான் என்பது நம் முன்னோர் வாய்மொழி. படைக்களத்திற்குரிய இவ்வுரை கலைக்களத்திற்கும் பொருந்துமோ என ஆராய்வார்க்கு, ஐக்கிய அமெரிக்க நாட்டின் ஜாஸ் இசை வரலாற்றிலே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. இளமையில் ஒன்றுகூடிப் புதுவழி கண்ட தமையனும் தம்பியும், 28 ஆண்டுகள் கழிந்தபின் தம் பழைய ஆக்கங்களை மீண்டும் கையிலெடுத்தனர். ரண்டி பிரெக்கர், மைக்கேல் பிரெக்கர் என்போரே அவ்விருவர். கலைஞன் ஒருவன் தன் இளமைப் படைப்பிற்குத் திரும்பும்போது நிகழ்வது யாது? வெறும் மீட்டலா, அன்றிப் புத்தாக்கமா? இவ்வினாவை அன்னார் வரலாற்றின் துணைகொண்டு நோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஜாஸ் இசையின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். இவ்விசையிலே பெரும்பாலும் ஆக்கியோன் எழுதித் தருவது குறுகியதோர் இன்னிசைப் பகுதியும், அதனைத் தாங்கும் சுரக்கூட்டுகளின் வரிசையுமேயாம். குழுவினர் அப்பகுதியை முதலில் இசைப்பர். பின்னர் ஒவ்வொருவரும் அவ்வரிசையின்மீது தத்தம் கற்பனையால் அவ்விடத்திலேயே புதிய இசையைப் பின்னுவர். ஈற்றில் தொடக்கப் பகுதி மீண்டு வரும். நம் கருநாடக இசையிற் பாடகர் கற்பனைச் சுரம் பாடுதலை இதற்கு ஓரளவு ஒப்பிடலாம். ஆயின் அங்கு இராகமும் தாளமும் வகுக்கும் எல்லையை இங்குச் சுரக்கூட்டுகளும் தாளமும் வகுக்கின்றன. எனவே ஜாஸ் ஆக்கமொன்று பாதி ஏட்டிலும், பாதி இசைப்போர் உள்ளத்திலும் வாழ்வது எனலாம்.

ரண்டி 1945ஆம் ஆண்டிலும், மைக்கேல் 1949ஆம் ஆண்டிலும் பிறந்தவர்கள். பிலடெல்பியா நகர்ப்புறத்தில் வளர்ந்தனர். தந்தையார் தொழிலாற் சட்டத்தரணி. ஆயினும் பியானோவில் ஜாஸ் வாசிக்க வல்லவர். இத்தகைய இல்லத்தில் மூத்தவர் ட்ரம்பெற் என்னும் ஊதுகருவியையும், இளையவர் சாக்சபோனையும் தமக்குரியவாக்கிக் கொண்டனர். இருவரும் பின்னர் நியூயோர்க்கிற் குடியேறி, 1970இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட ‘டிறீம்ஸ்’ என்னும் குழுவில் ஒருங்கே வாசித்தனர். ஹொறேஸ் சில்வர் போன்ற மூத்த ஜாஸ் அறிஞரிடத்தும் இருவரும் பயிற்சி பெற்றனர்.

அக்காலமோ ஜாஸ் இசை இருவேறு வழிகளின் சந்தியில் நின்ற காலம். மைல்ஸ் டேவிஸ் 1970இல் வெளியிட்ட ‘பிற்செஸ் புறூ’ என்னும் தொகுப்பு, மின்கருவிகளையும் றொக் இசையின் தாளத்தையும் ஜாஸினுட் புகுத்தியிருந்தது. இதனைச் சிலர் வளர்ச்சி என்றனர். சிலர் சிதைவு என்றனர். இச்சூழலில் ரண்டி தனித்தட்டு ஒன்றிற்காகச் சில ஆக்கங்களை எழுதினார். பதிவு நிறுவனத்தாரோ அது சகோதரர் இருவர் பெயராலும் வெளிவருதலையே விரும்பினர். இவ்வாறே 1975இல் ‘பிரெக்கர் பிறதர்ஸ்’ என்னும் தட்டு வெளியாயிற்று.

அத்தட்டின் முதலாவது ஆக்கம் ‘சம் ஸ்கங்க் ஃபங்க்’ என்பது. நடனத்திற்குரிய துள்ளல் தாளம் அடியில் ஓட, அதன்மேல் ட்ரம்பெற்றும் சாக்சபோன்களும் விரைந்து உடைந்து தாவும் கோணலான சுரவரிசைகளை ஒருமிக்க இசைக்கின்றன. கால்கள் ஆட விழையும்; செவியோ அடுத்த சுரம் எங்கு விழுமென அறியாது திகைக்கும். எளிமையும் அருமையும் ஓரிடத்தே கூடியமையே அச்சோதனையின் புதுமையாகும். மூச்சும் விரலும் சிறிதும் பிசகாது ஒன்றுபட்டாலன்றி அப்பகுதி குழம்பிவிடும். ஒரே இல்லத்திற் பயின்ற இருவர்க்கு அது எளிதிற் கைவந்தது போலும்.

குழு 1980களின் தொடக்கத்திற் கலைந்தது. 1992இலும் 1994இலும் புதிய ஆக்கங்களோடு இருவரும் மீண்டும் கூடினர். எனினும் முதற் சோதனைகளைப் புதிய கோலத்திற் காணும் வாய்ப்பு 2003 நவம்பரிலே ஜேர்மனியின் லெவர்குசன் ஜாஸ் விழாவில் வாய்த்தது. கொலோன் நகரத்து வானொலி நிலையத்தின் பெருங்குழு அவர்களோடு வாசித்தது. வின்ஸ் மென்டோசா என்பார் இசையமைப்பை விரித்தெழுதி நெறிப்படுத்தினார். 1975இற் பாஸ் கிற்றார் வாசித்த வில் லீ அன்றும் உடனிருந்தார்.

இம்மீட்சியில் மாறியவை எவை, மாறாதவை எவை? கோணலான அவ்வின்னிசையும் துள்ளல் தாளமும் மாறவில்லை. இளமையின் கரடுமுரடை முதுமை செப்பனிட முயலவில்லை. மாறியது முதலாவதாகப் பருமை. முன்னர் மூன்று ஊதுகருவிகள் தாங்கிய சுரக்கூட்டுகளை, இப்போது பெருங்குழு முழுவதும் பகிர்ந்து ஏந்தியது. இரண்டாவதாகக் கேட்போர் செவி. ஒருகாலத்திற் புதிராயிருந்த அவ்வாக்கம், இடைப்பட்ட ஆண்டுகளில் இளைய இசைஞர் தம் திறமையை அளந்து பார்க்கும் பயிற்சிப் பாடமாகிவிட்டது. மூன்றாவதாகக் கற்பனைப் பகுதி. அது ஏட்டில் எழுதப்படாதது. ஆகவே 1975இன் மைக்கேலை 2003இன் மைக்கேல் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. வீடு பழையதாயினும் உள்ளிருந்து பேசுபவர், இடைப்பட்ட வாழ்நாள் அனைத்தையும் உடன்கொண்டு வந்தவர்.

இம்மீட்சி தக்க தருணத்தில் நிகழ்ந்தது என்பதைப் பின்னைய நிகழ்ச்சிகள் உணர்த்தின. மைக்கேலை எலும்பு மச்சையைப் பற்றிய கொடுநோய் பீடித்தது. அச்செய்தி 2005இல் உலகறிய வந்தது. மச்சை வழங்குவோர் பதிவேட்டிற் சேருமாறு மக்களிடம் விடுக்கப்பட்ட வேண்டுகோளினாற் பலர் முன்வந்தனர். 2007 ஜனவரி 13ஆம் நாள், தமது 57ஆம் வயதில் அவர் மறைந்தார். ஒரு மாதம் நிறையுமுன், பெப்ரவரி 11ஆம் நாள், லெவர்குசன் பதிவிற்கும் அதில் அவர் வாசித்த கற்பனைப் பகுதிக்கும் கிராமி விருதுகள் வழங்கப்பட்டன. இருபத்தைந்து வயதளவில் வாசித்த அதே ஆக்கம், அவர் மறைவின் பின் அவர்க்குப் புகழ்மாலை சூட்டிற்று.

தமையனார் அவ்விசையைக் கைவிட்டாரல்லர். 2013இல் பழைய தோழர் சிலரோடு அவர் வெளியிட்ட தட்டிலே, தம்பி நின்ற இடத்திற் சாக்சபோன் வாசித்தவர் அவர்தம் மனைவியார் ஆடா ரொவாற்றி. இழப்பை அவ்விசை மறைக்கவில்லை. ஆயினும் இசை நின்றுவிடவில்லை.

இவ்வரலாற்றினின்று நாம் அறியத்தக்கது ஒன்றுண்டு. இளமையில் துணிந்து செய்த சோதனையைப் பிற்காலத்து நாணத்தால் ஒதுக்குவதும், வழிபாட்டுப் பொருளாக்கி அசையாது வைப்பதும் அதற்கு நாம் செய்யும் நன்மையல்ல. அதனை மீண்டும் எடுத்து, அன்று அறியாதவற்றை இன்று அறிந்த உள்ளத்தோடு இசைத்துப் பார்த்தலே முறை. உடன் தொடங்கியவர் உயிரோடிருக்கும்போதே அதனைச் செய்தல் சாலச் சிறந்தது.