ஆறில் சும்மா இருப்பது எது?

நாமக்கல்லில் ஒரு பட்டறை வாசல். ஆறு சிலிண்டர் கொண்ட பழைய லாரி ஒன்று ஐடிலிங்கில் நிற்கிறது. அதன் பக்கக் கண்ணாடி நடுங்குகிறது. கண்ணாடிக்குள் தெரியும் சாலையும் சேர்ந்து நடுங்குகிறது. “வண்டி மிஸ் அடிக்குதுண்ணே” என்கிறார் ஓட்டுநர். மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை. முதலில் சத்தத்தைக் கேட்கிறார்.

அந்தச் சத்தத்துக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஐடிலிங்கில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 600 சுற்று சுற்றும். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரியும். அப்படியானால் ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு 5 எரிப்பு, ஆறுக்கும் சேர்த்து 30. இவ்வளவு வேகமாக வரும் அடிகளை நம் காது தனித்தனியாகப் பிரிக்காது, ஒரே உறுமலாகத்தான் கேட்கும். ஆனால் ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால் நொடிக்கு ஐந்து இடத்தில் ஓட்டை விழுகிறது. கண்ணாடியை நடுங்க வைப்பது அந்த ஓட்டைதான்.

ஒரு சிலிண்டர் ஏன் படுக்கும்? டீசல் இன்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய இன்ஜினைப் போலவே, காற்றை அழுத்திச் சூடாக்கித்தான் இன்றும் எரிபொருளைப் பற்றவைக்கிறார்கள். காற்றைப் பதினேழில் ஒரு பங்காக நசுக்கினால் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதற்குள் டீசலைப் பனிபோலத் தெளித்தால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். அழுத்தம் கசிந்தாலும் தெளிப்பு கெட்டாலும் அந்தச் சிலிண்டர் எரியாது.

தெளிக்கும் வேலை இன்ஜெக்டருடையது. நின்றபடி ஓடும் லாரி மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் டீசல் குடிக்கும். அதே ஒரு மணி நேரத்தில் ஆறு இன்ஜெக்டர்களும் சேர்ந்து 1,08,000 முறை தெளிக்கின்றன. வகுத்துப் பாருங்கள்: ஒரு தெளிப்புக்குக் கிடைப்பது சொட்டு நீரில் பாதி அளவுதான். அந்தப் பாதிச் சொட்டு ஆறு பேருக்கும் ஒரே அளவில் கிடைக்க வேண்டும்.

சரி, ஆறில் சும்மா இருப்பது எது? ஆறு பேர் பல்லக்குச் சுமக்கிறார்கள், ஒருவர் மட்டும் தோள் கொடுப்பதுபோல் நடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைப் பிடிக்க எளிய வழி, ஒவ்வொருவரையும் முறையாக விலகச் சொல்வது. யார் விலகியபோது பல்லக்கு தாழவில்லையோ அவர்தான் ஆள்! மெக்கானிக்கும் இதையே செய்கிறார். ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப்பின் நட்டையும் சற்றே தளர்த்தி இறுக்குகிறார். முதல் மூன்றிலும் இன்ஜின் இன்னும் அதிகமாகத் தடுமாறியது. நான்காவதைத் தளர்த்தினார். ஒரு மாற்றமும் இல்லை. அகப்பட்டது நான்கு.

புதிய லாரிகளில் இந்த வித்தை உயிருக்கே ஆபத்து. அவற்றில் காமன் ரெயில் என்ற பொதுக்குழாயில் டீசலின் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டக்கூடும். லாரி டயரில் இருப்பது சுமார் 8 பார்தான். இது அதைப்போல் 200 மடங்கு. நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஆகவே அங்கே ஒவ்வொரு சிலிண்டரையும் நிறுத்திப் பார்க்கும் வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டது.

கணினி இன்னொன்றும் செய்கிறது. இன்ஜினோடு சுழலும் பல் சக்கரம் ஒன்றை அது இடைவிடாமல் கவனிக்கிறது. பல இன்ஜின்களில் 60 பல்லுக்கான இடத்தில் 58 மட்டும் இருக்கும். இரண்டு பல் இல்லாத இடைவெளிதான் சுற்றின் அடையாளம். ஐடிலிங்கில் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு நொடியில் 600-இல் ஒரு பங்கு நேரம். சிலிண்டர் நன்றாக எரிந்தால் அடுத்த பற்கள் துளி முந்தி வரும், எரியாவிட்டால் பிந்தி வரும். பிந்தியவனுக்குக் கணினி அடுத்த முறை டீசலைச் சற்றுக் கூட்டித் தருகிறது, மெலிந்த பிள்ளைக்குத் தாய் ஒரு கரண்டி கூடுதலாக வைப்பதுபோல. எந்தச் சிலிண்டருக்கு எவ்வளவு கூட்டியது என்ற கணக்கைத் திரையில் பார்த்தாலே நோயாளி யார் என்று தெரிந்துவிடும்.

சில நேரம் நடுக்கம் சீராக இருக்காது. இன்ஜின் வேகம் தானாக ஏறும், இறங்கும். அப்போது ஒரு சிலிண்டரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆறுக்கும் பொதுவான டீசல் வழியில் காற்று புகுந்திருக்கலாம். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் பைப்பில் விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பதுபோல. தரையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாத கசிவு இது! அதைப் பிடிக்க, வழியில் ஒரு துண்டு கண்ணாடி பைப்பைச் சேர்த்தால் போதும். குமிழிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

நாமக்கல் லாரிக்கு வருவோம். நான்காவது இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதனைக் கருவியில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினார்கள். புகைபோல விரிய வேண்டிய டீசல், மூடாத குழாய்போல ஒழுகியது. ஒழுகும் டீசல் காற்றோடு கலக்காது. கலக்காதது சரியாக எரியாது. இன்ஜெக்டரின் நுனியான நாசிலை மாற்றி மீண்டும் பொருத்தினார்கள். பைப்பிலிருந்த காற்றை வெளியேற்றி இன்ஜினை ஓடவிட்டார்கள்.

நொடிக்கு முப்பது அடி. ஓட்டை இல்லை. பக்கக் கண்ணாடிக்குள் சாலை அசையாமல் நின்றது.